ஆபீஸ் காலி செய்யும்போது மிச்சமாகும் மேசை, நாற்காலி: புதுச்சேரியில் ஒரு குழுவிடம் கொடுத்த அனுபவம்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். புதுச்சேரியிலோ கடலூரிலோ ஆபீஸைக் காலி செய்கிறீர்கள், அல்லது சின்ன இடத்துக்கு மாறுகிறீர்கள், மிச்சமாகிற மேசை நாற்காலி பீரோவை என்ன செய்வது என்று முழிக்கிறீர்கள் என்றால், லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு சின்னக் குழு இருக்கிறது. வாங்கிப் பிரித்து, பழுது பார்த்து, தேவைப்படுகிற இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். எங்கள் ஆபீஸ் சாமானில் பெரும்பகுதி அவர்கள் வழியாகத்தான் போனது. 5க்கு 4 கொடுப்பேன், அந்த ஒரு மார்க் எங்கே குறைந்தது என்பதையும் கீழே சொல்கிறேன்.

குழுவின் பெயரைப் போடவில்லை, அவர்களே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். முன்பு யாரோ முகவரியை வாட்ஸ்அப்பில் பரப்பிவிட, கிழிந்த மெத்தையும் கால் உடைந்த டிவி ஸ்டாண்டும் ராத்திரியோடு ராத்திரியாக ஷெட் வாசலில் வந்து விழுந்ததாம். உங்கள் பகுதியில் மாலை டியூஷன் நடத்துகிற இளைஞர் மன்றம் எதிலாவது கேட்டுப் பாருங்கள், நம்பர் கிடைக்கும். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது.

எங்களுடையது நூறடி ரோட்டில் இரண்டாவது மாடியில் இருக்கும் கணக்கு எழுதும் கம்பெனி. பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள், வாடகை ஏறிக்கொண்டே போகிறது, அதனால் பாதி இடம் போதும் என்று முதலாளி முடிவு செய்தார். முடிவு அவருடையது, சாமானை அப்புறப்படுத்தும் வேலை என்னுடையது. எல் வடிவ ஒர்க்ஸ்டேஷன்கள், ரிவால்விங் சேர்கள், விசிட்டர் சேர்கள், ஸ்டீல் பீரோக்கள், ஃபைல் ரேக்குகள், யாருமே உட்காராத ஒரு ரிசப்ஷன் சோபா. பார்க்க எல்லாமே நன்றாகத்தான் இருந்தன.

முதலில் பழைய சாமான் கடைக்காரரைத்தான் கூப்பிட்டோம். இந்த ஊரில் பழைய மரச் சாமானுக்கு நல்ல கிராக்கி, ஆரோவில் போகிற வழியில் செட்டிநாட்டுக் கதவும் தூணும் தேக்கு அலமாரியும் அடுக்கி வைத்து விற்கிறார்கள், அந்தக் கணக்கில் நமக்கும் ஏதாவது தேறும் என்று நினைப்பது சகஜம். வந்தவர் எங்கள் மேசையை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இது மரமே இல்லையே மேடம், தூள்" என்றார். உண்மைதான். எங்கள் மேசைகள் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளையும் சிராயையும் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை, பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை, மேலே லேமினேட் ஒட்டியிருப்பதால் மரம் மாதிரி தெரிகிறது. ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் உப்பிக்கொள்ளும், உப்பினது திரும்பாது. ஒரு தடவை கழற்றிய ஸ்க்ரூ அதே ஓட்டையில் மறுபடி இறுகப் பிடிப்பது கஷ்டம்.

காயலான் கடைக்கு இரும்பு மட்டும்தான் வேண்டும், பீரோவைக் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கிற பீரோவை எடைக்குப் போடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. நாற்காலியைக் கொடுத்தால் அடியில் இருக்கும் இரும்பைக் கழற்றிக்கொண்டு ஃபோமையும் பிளாஸ்டிக்கையும் எங்காவது தள்ளிவிடுவார்கள், பலகையை எடுக்கவே மாட்டார்கள். தினசரி வரும் குப்பை வண்டியும் ஏற்றாது. அப்புறம் மிச்சமிருப்பது டிராக்டர் வைத்து அனுப்புவது, அது கடைசியில் குருமாம்பேட்டுக் குப்பைக் கிடங்குக்கோ, அதைவிட மோசமாக ஏதாவது ஏரிக்கரைக்கோ போய்ச் சேரும். குருமாம்பேட்டில் பல வருஷமாகக் குவிந்த குப்பையைத் தோண்டிப் பிரிக்கிற வேலையே இழுத்துக்கொண்டு கிடக்கிறது, அதன் மேல் நாமும் ஒரு லோடு கொட்ட வேண்டுமா? எரித்தால் அந்தப் பசையும் லேமினேட்டும் சேர்ந்து வருகிற புகை கண்ணையும் தொண்டையையும் அறுக்கும்.

சரி, குழுவுக்கு வருகிறேன். போன் செய்தால் எடுப்பவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். "எத்தனை சேர் இருக்கு" என்று அவர் கேட்கவில்லை, "ஏம்மா, கட்டடத்துல லிஃப்ட் இருக்கா, படி எவ்வளவு அகலம்" என்றுதான் ஆரம்பித்தார். அப்புறம் போட்டோ அனுப்பச் சொன்னார், அதுவும் மேல்பக்கம் வேண்டாம், மேசையைக் கவிழ்த்து அடிப்பக்கம், நாற்காலியின் சக்கரம், பீரோவின் பின்தகடு. சாமானின் யோக்கியதை அடியில்தான் தெரியும் என்பது அவர்கள் கட்சி. ஈரம் பட்டதா, கரையான் வந்த இடமா, சாவி இருக்கிறதா என்று வரிசையாகக் கேள்வி.

அதற்கப்புறம் ஒரு கார்பென்டர் அண்ணன் நேரில் வந்தார். பலகை ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், மூலையில் பலகைகளை இணைக்கிற மினிஃபிக்ஸ் பூட்டை ஒரு சுற்றுத் திருகிப் பார்த்தார், ஒவ்வொரு ரிவால்விங் சேரிலும் உட்கார்ந்து அது தானாகக் கீழே இறங்குகிறதா என்று பார்த்தார். ஒர்க்ஸ்டேஷன்களில் கிட்டத்தட்ட பாதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏசி தண்ணீர் சொட்டிய சுவர் ஓரமாகப் போட்டிருந்தவை அவை. "பிரிச்சா நொறுங்கிடும் மேடம், கொண்டுபோய்க் கொடுத்தா ஆறு மாசத்துல அவங்க தலையில குப்பை." எங்கள் முதலாளிக்கு இது பிடிக்கவில்லை, இலவசமாகக் கொடுக்கிறதில் பொறுக்கி எடுப்பார்களா என்று முனகினார். எனக்கு அங்கேதான் இவர்கள் மேல் நம்பிக்கை வந்தது. நன்கொடை என்று சொல்லி வருகிற ஓட்டை உடைசலை வாங்கி அடுக்கிவிட்டு, பின்னால் அதைத் தூக்கிப் போடவும் முடியாமல் வைத்திருக்கிற பள்ளிகளையும் மன்றங்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். நம் கையிலிருக்கும் குப்பை ஏழை வீட்டு வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு அதே குருமாம்பேட்டுக்குப் போவதற்குப் பெயர் தானம் இல்லை.

அவர்கள் வேலை செய்யும் முறைதான் இந்தச் சேவையின் உயிர். ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார்கள். சாமான் கேட்டு வருகிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கம்: இரவுப் பாடம் நடத்தும் இடம், மகளிர் சுய உதவிக் குழு, முதியோர் இல்லம், மீனவ கிராமத்துப் படிப்பகம், மாற்றுத்திறனாளிகள் சங்கம். அந்தப் பக்கத்தில் என்ன வேண்டும் என்பதோடு வாசல் அகலம், அறையின் நீளம், தரை சிமென்டா மண்ணா, பிளக் பாயின்ட் எங்கே, மழையில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும், எல்லாம் எழுதியிருக்கிறது. நோட்டில் கேட்பவர் இல்லாத சாமானை ஷெட்டுக்குள் ஏற்றுவதில்லை. எங்கள் ரிசப்ஷன் சோபா அப்படித்தான் நின்றுபோனது. யாருக்கும் சோபா வேண்டாமாம், துணி இருக்கை என்றால் மூட்டைப்பூச்சி வரும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது.

தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பதை ஏன் எழுதுகிறார்கள் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை இரண்டு கரையும் புரண்டு கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. அப்போது படிப்பகங்களிலும் சங்கக் கட்டடங்களிலும் இருந்த பலகை அலமாரிகள் ஊறிப்போய் பொறை ரொட்டி மாதிரி உதிர்ந்ததாக, போன் எடுக்கும் அந்த ஆசிரியர் சொன்னார், ஸ்டீல் பீரோக்களைக் கழுவித் துடைத்து, துரு பிடித்த இடத்தில் ரெட் ஆக்சைடு அடித்து மறுபடி நிறுத்திவிட்டார்களாம். அதனால் இப்போது அவர்களுக்கு ஒரு விதி: ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் பலகைச் சாமான் போகாது, ஸ்டீலும் பிளாஸ்டிக்கும்தான். பலகையெல்லாம் மாடி அறைகளுக்கும் மேட்டுப் பகுதிகளுக்கும். நல்லதாகத் தேறிய எங்கள் ஒர்க்ஸ்டேஷன்கள் முத்தியால்பேட்டையில் ஒரு மாடியில் நடக்கும் டைப்ரைட்டிங், கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போயின, பீரோக்கள் தெற்கே கடலூருக்கு.

ஷெட்டில் நடக்கும் பழுது வேலையைப் பார்க்க அனுமதிப்பார்கள், நேரம் இருந்தால் போய்ப் பாருங்கள். ரிவால்விங் சேரில் முதலில் போவது கேஸ் லிஃப்ட் சிலிண்டர், உட்கார்ந்தால் மெதுவாக இறங்கிக்கொண்டே போகும். புது சிலிண்டர் வாங்கிப் போடுவதற்குப் பதிலாக, பிவிசி பைப்பைத் தேவையான உயரத்துக்கு வெட்டி, நீளவாக்கில் கீறிப் பிளந்து, அந்த ராடைச் சுற்றி மாட்டிவிடுகிறார்கள். அப்புறம் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, ஆனால் நாற்காலி இறங்காது. முதியோர் இல்லத்துக்குப் போகும் சேர்களில் சக்கரத்தைப் பிடுங்கிவிட்டு அசையாத பிளாஸ்டிக் பாதம் மாட்டுகிறார்கள், எழுந்திருக்கும்போது சேர் பின்னால் உருண்டு பெரியவர்கள் விழுந்துவிடக் கூடாதே என்று.

பிள்ளைகளுக்கு என்று கேட்டால் ஆபீஸ் மேசையை அப்படியே கொடுப்பதில்லை. ஆபீஸ் மேசை உயரம் சுமார் 75 சென்டிமீட்டர், மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதில் எழுதினால் தோள் காதுக்கு ஏறிவிடும். இரும்புக் குழாய்க் கால் உள்ள மேசை என்றால் காலை அறுத்து இரண்டடிக்குள் இறக்கி, அடியில் ரப்பர் புஷ் போட்டுத் தருகிறார்கள். எங்கள் டிஸ்கஷன் மேசைகள் இரண்டுக்கு அந்தக் கதிதான், அறுத்த பிறகு பார்க்க லட்சணமாகவே இருந்தன.

பீரோ லோடு கடலூர் போனபோது நானும் கூடப் போனேன். குட்டி யானையில் முன்சீட்டு. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வரைக்கும் பிரச்சினை இல்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்து பாலம் தாண்டினால் ஆல்பேட்டை செக்போஸ்ட், புதுச்சேரி வண்டி, மேலே பூட்டிய பீரோக்கள். போலீஸ்காரர் என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டுமா? ஒவ்வொரு பீரோவையும் திறந்து காட்டச் சொன்னார். குழுவினருக்கு இது பழகிப்போன சங்கதி, எல்லாச் சாவியையும் ஒரே கம்பியில் நம்பர் போட்டுக் கோத்து வைத்திருந்தார்கள், லெட்டர்ஹெட்டில் எழுதிய சாமான் பட்டியலும் டெலிவரி சலானும் ஃபைலில் தயாராக இருந்தது. "ஒரு குவார்ட்டர் கூட இல்லையா சார்" என்று எங்கள் டிரைவரே சிரித்துக்கொண்டு வண்டியின் பின்கதவைச் சாத்தினார். நாமே வண்டி பிடித்து எடுத்துப் போயிருந்தால் அங்கேயே அரை நாள் ஓடியிருக்கும்.

இறக்கிய இடம் தேவனாம்பட்டினம் பக்கம், பெண்கள் குழு ஒன்று. அவர்கள் பீரோவில் குழுவின் கணக்கு நோட்டுகளையும் உறுப்பினர்களின் பத்திரங்களையும் வைக்கப் போகிறார்கள், மேல் இரண்டு தட்டில் மட்டும். கீழ்த் தட்டு தண்ணீருக்கு என்று விட்டுவிடுவார்களாம். தலைவி அம்மா பீரோவைவிட ஃபைல் ரேக்கைப் பார்த்துத்தான் அதிகம் சந்தோஷப்பட்டார், கருவாடு பாக்கெட் அடுக்க அதுதான் தோதாம். திறந்த ரேக், காற்றோட்டம் இருக்கிறது, கடல் காற்றுக்குத் துரு பிடிக்குமே என்று கேட்டேன். "அதுக்கென்னம்மா, வருஷா வருஷம் படகுக்குப் பெயின்ட் அடிக்கிறப்ப இதுக்கும் ஒரு கோட்டிங்" என்றார்.

இனிப் பணம். இலவசச் சேவை என்று நினைத்துப் போகாதீர்கள். பிரிக்கும் கூலியும் ஷெட் வரைக்கும் வண்டி வாடகையும் கொடுப்பவர் தலையில். ஷெட்டிலிருந்து போகும் வண்டிக்கு அவர்கள் நன்கொடை திரட்டிச் சமாளிக்கிறார்கள், இறக்கி வைக்கும் உழைப்பு வாங்குபவர்களுடையது, ஆள் கூட்டி வந்து தாங்களே தூக்கி வைக்க வேண்டும். எனக்கு இந்தப் பங்கீடு சரியாகவே பட்டது. 1999ல் டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பும் துணிமணி கொடுக்கும் ஊர்களில் கிணறு தூர்வாருவது, பாதை போடுவது என்று அந்த ஊர் மக்களே செய்யும் வேலையோடு சேர்த்துத்தான் கொடுக்கிறது, பிச்சை போடுகிற மாதிரி இருக்கக் கூடாது என்பதற்காக. எங்கள் செலவு காயலான் கடையில் கிடைத்திருக்கக்கூடிய பணத்தை விட்டுக்கொடுத்ததையும் சேர்த்துப் பார்த்தால் கையைக் கடிக்கத்தான் செய்தது, ஆனால் டிராக்டர் வைத்துக் கொட்டுவதற்கும் காசுதானே.

ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், இது முக்கியம். பல கம்பெனிகள் இதில் தயங்கக் காரணம் கணக்குப் புத்தகம். வருமான வரிக் கணக்கில் ஃபர்னிச்சருக்குத் தேய்மானம் வருஷம் 10 சதவீதம், அதுவும் மிச்ச மதிப்பின் மேல் என்பதால், பத்து வருஷம் உழைத்த மேசைக்கும் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பு புத்தகத்தில் நின்றுகொண்டே இருக்கும். அதைப் பார்க்கிற முதலாளிக்கு, இவ்வளவு மதிப்புள்ளதைச் சும்மா கொடுப்பதா என்று தோன்றும், சந்தையில் அதற்கு அரைக் காசு கிடைக்காது என்பது வேறு விஷயம். வாங்கும்போது ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரி வரவு எடுத்திருந்தால், அதாவது வாங்கும்போது கட்டிய வரியை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்திருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் அது சப்ளையாகத்தான் கருதப்படும், வரி உண்டு. நன்கொடை ரசீது வாங்கி வருமான வரியில் விலக்குக் கேட்கலாம் என்ற ஆசையும் வேண்டாம், அந்த விலக்கு பணமாகக் கொடுப்பதற்கு மட்டும்தான், பொருளுக்குக் கிடையாது. குழு தருவது பெற்றுக்கொண்டதற்கான கடிதம், எந்தச் சாமான் எந்த இடத்துக்குப் போனது என்ற பட்டியலோடு. அசெட் ரெஜிஸ்டரிலிருந்து எழுதித் தள்ள ஆடிட்டருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

குறைகள். முதல் குறை தேதி. வருகிறேன் என்று சொன்ன நாளில் வரவில்லை, இரண்டு முறை தள்ளிப்போட்டார்கள், கட்டட உரிமையாளரிடம் காலி செய்யும் பாதியை ஒப்படைக்க வேண்டிய தேதி நெருங்கி எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. எல்லோரும் வேறு வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்கிறவர்கள், புரிகிறது, ஆனால் கொடுப்பவர்களுக்கும் கெடு இருக்கிறது அல்லவா. காலி செய்யும் தேதிக்கு ஒரு மாதமாவது முன்னால் கூப்பிடுங்கள், அவர்களிடம் கெடுவை ஒரு வாரம் முன்னால் தள்ளிச் சொல்லுங்கள். இரண்டாவது, பட்டியல் கேட்டால் கையெழுத்துப் பிரதியைப் போட்டோ எடுத்துதான் அனுப்புகிறார்கள், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான். கொஞ்சம் பெரிய கம்பெனி என்றால் இது ஒத்துவராது. மூன்றாவது என்று சொல்வதா தெரியவில்லை, வேண்டாம் என்று விட்டுப்போன சாமானை என்ன செய்வது என்று வழி காட்டுவதில்லை. ஊறிப்போன பலகை மேசைகளைக் கடைசியில் கூலி கொடுத்துத்தான் அப்புறப்படுத்தினோம். இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் ஒரு மார்க்.

கம்ப்யூட்டர், பிரின்டர், யுபிஎஸ் எதையும் இவர்கள் தொடுவதில்லை. அது மின்கழிவு, அதற்குத் தனி விதிகள், பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களிடம்தான் போக வேண்டும். யுபிஎஸ் பேட்டரியைப் புதுசு வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, டிராயரை நன்றாகத் துழாவிவிட்டுக் கொடுங்கள். ஷெட்டில் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறார்கள், முன்பு வேறு ஆபீஸ்களிலிருந்து வந்த மேசைகளில் கிடந்தவை: ஆதார் ஜெராக்ஸ், செக் புக், யாருடைய கல்யாணப் பத்திரிகையோ. முடிந்ததைத் தேடிக் கொடுத்துவிடுகிறார்கள். கம்பெனி ஸ்டிக்கரையும் பெயர்த்துவிடுங்கள், இல்லையென்றால் அதை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்க ஒரு பையன் உட்கார வேண்டியிருக்கிறது.

மழைக்காலத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகையில், பலகைச் சாமான் ஏற்ற மாட்டார்கள். திறந்த வண்டி, நனைந்தால் போச்சு. தை பிறந்த பிறகு கூப்பிட்டால் வேலை சுருக்கமாக முடியும்.

எங்களிடம் இன்னும் ஒன்று நிற்கிறது, பன்னிரண்டு அடி கான்ஃபரன்ஸ் டேபிள். ஒரே பலகை, படியில் திரும்பாது. எப்படி மேலே வந்தது என்று ஆபீஸில் யாருக்கும் நினைவில்லை, கட்டடம் கட்டும்போதே ஏற்றியிருப்பார்களோ என்னவோ. நோட்டில் அவ்வளவு பெரிய மேசை கேட்டவர்கள் யாரும் இல்லை, கார்பென்டர் அண்ணன் மட்டும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து அளவெடுத்துக்கொண்டு போயிருக்கிறார், நடுவில் அறுத்தால் கேரம் போர்டு ஸ்டாண்டு நாலு தேறும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார். முதலாளி இன்னும் சம்மதிக்கவில்லை.